செலவுத் தலைப்பு

இந்த வவுச்சரை எந்தத் தலைப்பில் எழுதுவது?
காலையிலிருந்து பேனாவைத் திறந்து மூடுகிறேன்.
'வீதி விளக்குப் பராமரிப்பு' என்று போடச் சொல்கிறார் செயலாளர்.
அதில்தான் கொஞ்சம் காசு கிடக்கிறதாம்.

தொகை: முப்பத்தாறு இலட்சத்து நாற்பதாயிரம்.
பெறுநர்: மரியநாயகம் அல்போன்ஸ்,
முன்னாள் விளக்குத் தொழிலாளி.
'முன்னாள்' என்பதை நீக்கச் சொல்லித்தான்
தீர்ப்பின் ஏழாம் பக்கம்.

ஒன்பது வருடத்துக்கு முன்
ஸ்டோர்க் கணக்கில் பதினான்கு பல்பு குறைந்தது.
ஒன்று அறுநூற்று எண்பது ரூபாய்.
அன்று பின்னேரமே கடிதம் அடித்தாயிற்று.
விசாரணை இல்லை. விளக்கம் கேட்கவில்லை.
டொக்யார்ட் வீதியில் அவர் ஏணியில் நிற்கும்போதே
கீழே கொண்டுபோய் நீட்டினார்கள்.
பாதி பூட்டிய பல்பை
முழுதாய்ப் பூட்டிவிட்டுத்தான் இறங்கினார் என்று
ஏணி பிடித்த நிஸ்தார் இன்றைக்கும் சொல்வார்.

தொழில் நியாயசபையில் இருபத்தேழு தவணை.
நாலுக்கு எங்கள் சாட்சி வரவில்லை,
ஒன்றுக்குக் கோவை வரவில்லை,
ஒன்றுக்கு மார்கழி வெள்ளம், யாருமே வரவில்லை.
தவணைக்கு ஏழாயிரத்து ஐந்நூறு
சட்டத்தரணிக்கு, வெள்ளத்துக்கும் சேர்த்து.
தோற்றோம். மேன்முறையீடு, ஒன்றேகால் இலட்சம்.
அதிலும் தோற்றோம்,
அது மட்டும் விரைவாக.

கடிதத்தில் கையெழுத்து வைத்த தவிசாளர்
இப்போது விளையாட்டுப் போட்டிகளில்
பொன்னாடை வாங்குகிறார்.
அடுத்தவர் 'என்ர காலத்து வழக்கில்லை' என்றார்.
அதற்கடுத்தவர் 'சமரசத்துக்குப் போனால்
தோத்த மாதிரி' என்றார்.
எவருடைய சட்டைப்பையிலிருந்தும்
ஒரு சதம் போகவில்லை.

போவது சோலைவரி.
மீன் செதிள் ஒட்டிய நோட்டை
என் யன்னலுக்குள் நீட்டும் திருக்கடலூர் ராசமலர்
ஒவ்வொரு காலாண்டும் கேட்பது ஒன்றுதான்:
'எங்கட ஒழுங்கை இன்னும் இருட்டுத்தானே பிள்ளை?'
பற்றுச்சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
அதுதான் என் பதில்.

எல்லாவற்றையும் கூட்டிக்
கல்குலேட்டரில் பிரித்துப் பார்த்தேன்.
அன்றைய விலைக்கு
ஐயாயிரத்து எண்ணூற்று முப்பத்துநாலு பல்பு.
இந்த ஊரில் அத்தனை கம்பம் இல்லை.
மிச்சத்தை, இரவில் குப்பைத்தொட்டி கிளற வரும்
கோட்டை மான்களின் கொம்புகளில்தான்
கொழுவ வேண்டும்.

எந்தத் தலைப்பிலும் எழுதமுடியாத ஒன்று இருக்கிறது.

வழக்கின் இரண்டாம் வருடம்.
நான் அப்போது ஸ்டோரில், நிரந்தரம் ஆகவில்லை.
பிளீச்சிங் பவுடர் பரல்களை நகர்த்தியபோது
சுவரோடு ஒரு பெட்டி.
எண்ணினேன். திரும்ப எண்ணினேன்.
ஒன்றுகூட உடையவில்லை.
பிரதம லிகிதரிடம் ஓடினேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
'வழக்கு நிலுவையில கிடக்குது.
நீங்க காணேல்ல, தங்கச்சி.'

நான் காணவில்லை.
இருப்பேட்டில் 'இதர பொருட்கள், 14' என்று
பென்சிலால் எழுதினேன்.
அடுத்த தை மாதம்
என்னை நிரந்தரமாக்கினார்கள்.

பதினொரு மணிக்கு அல்போன்ஸ் வந்தார்.
மூதூரில் வீடுகளுக்கு வயரிங் செய்து
விரல்நுனிகள் கறுத்திருந்தன.
முத்திரை ஒட்டிய இடத்தைக் காட்டினேன்,
குறுக்கே கையெழுத்திட்டார்.
தொகையை வாசிக்கவில்லை.
என் தலைக்கு மேல் துடித்துக்கொண்டிருந்த
டியூப் லைட்டையே பார்த்தார்.

'ஸ்டாட்டர் பழுது. ரெண்டு நிமிச வேலை.
கதிரையக் கொஞ்சம் தாங்கோ.'

கதிரையைப் பிடித்தபடி எழுந்தேன்.
பெட்டியைப் பற்றிய வாக்கியம்
முழுதாக வாய்க்குள் வந்துவிட்டது.
வெளியே வந்தது வேறு:

'வேண்டாம் அண்ணை.
திரும்ப எடுக்கிற கடிதம் இன்னும் அடிக்கேல்ல.
விழுந்து கிழுந்தால்
சபைதான் பொறுப்பு.'

கையைக் கீழே இறக்கினார்.
காசோலையை நாலாய் மடித்தார்.
போகும்போது கதவோரத்து சுவிட்சை
ஒருமுறை நிறுத்திப் போட்டுப் பார்த்தார்.

இன்னும் துடிக்கிறது.
அந்த வெளிச்சத்தில்
வீதி விளக்குப் பராமரிப்பு என்று எழுதுகிறேன்,
பேனாவால்.